அமைதி முகம்

அமலி "எறும்பு" என்று கத்தியபோது ஜெசிந்தா நிஜ எறும்பு என்றுதான் நினைத்தாள்.

பிள்ளைகள் மையத்து வாசலில் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்த மறு நொடியே பிள்ளை துள்ளியது. "எறும்பு, முதுகெல்லாம் எறும்பு" என்று அம்மாவின் தோளை இரண்டு கையாலும் தள்ளியது. ஜெசிந்தா அங்கேயே அவளை இறக்கி, பனியனைக் கழற்றி உதறிப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. முதுகில் தடிப்போ சிவப்போ இல்லை. வீட்டுக்கு வந்து மெத்தையை வெயிலில் போட்டாள். வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அரிப்புக்கான லோஷன் வாங்கி வந்து தடவினாள். மறுநாள் சாயங்காலமும் அதே கத்தல். அதற்கு அடுத்த நாளும்.

அமலிக்கு நாலு வயது. ஏழாம் மாதத்தில், ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்தவள். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து உயிரோடு வெளியே வந்தாள். பார்வை வரவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால் அந்த மையம் இருந்தது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை பதினான்கு பிள்ளைகள். குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக விளையாடிப் பழக வேண்டும் என்பதற்காகவே தொடங்கியது. சேர்ந்த புதிதில் அமலி யாரோடும் பழகவில்லை. மூலையில் உட்கார்ந்து கைமுட்டியால் கண்ணை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். வேறொரு பிள்ளை பொம்மையை நீட்டிச் சிரித்தாலும் அவளுக்குத் தெரியாது. வேண்டாம் என்கிறாள்போல என்று நினைத்து அந்தப் பிள்ளை போய்விடும்.

பனியன் வந்தது அதற்குப் பிறகுதான். கம்பெனி வேறு பேர் வைத்திருந்தது. பார்க்கப் பனியன் மாதிரியே இருந்ததால் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். நெஞ்சிலும் தோளிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னக் கேமராக்கள். எதிரில் யார் முகம் இருக்கிறது, அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைப் பிள்ளையின் முதுகில் தொடுகையாக மாற்றிச் சொல்லும். பார்வை இல்லாதவர்களுக்கும், பார்வை இருந்தும் முகம் படிக்க வராதவர்களுக்குமாக ஒன்பது பிள்ளைகளுக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் வாரத்திலேயே அமலி மூலையை விட்டு வந்துவிட்டாள். பெர்லின் என்ற பையன் அவள் முன்னால் வந்து நின்று சிரித்தான். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், ஐந்து வயதாகியும் பேச்சு நாலைந்து வார்த்தைதான். சிரிப்பு மட்டும் முகம் முழுக்க வரும். அமலி ஆடுவதை நிறுத்தினாள். முதுகை ஒருமுறை நெளித்தாள். பிறகு அவன் இருந்த பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள். அதைப் பார்த்த அன்று ஜெசிந்தா கடைக்குப் போகாமல் மாதா கோவிலில் போய் உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் எறும்பு விஷயம் அவளைக் கலங்கடித்தது. பனியனைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள். நான்காம் நாள் சிறப்பாசிரியர் இசக்கிராணி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, லோஷன் போடாதீங்க. அது அந்த எறும்பு இல்ல."

"பின்ன?"

"ஒவ்வொரு தொடுகைக்கும் அமலியே ஒரு பேர் வச்சிருக்கா. சிரிச்ச முகம் வந்தா பூனைங்கா. பூனை உரசுத மாதிரி இருக்காம். கோவம்னா மழை. அழுகைன்னா ஈரத்துணி. எறும்புன்னா பயம்."

"எம் பிள்ளைக்கு எதைப் பாத்து பயம்?"

"அவளுக்கு இல்ல. எதிர்ல நிக்கவங்க முகத்துல இருக்க பயம். நீங்க வரும்போதுதான் வருது."

ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "நான் சிரிச்சிக்கிட்டேதான வாறேன் மிஸ்."

"உதடு சிரிக்கும். கண்ணு, கழுத்து நரம்பு, மூச்சு எல்லாத்தையும் அது பாக்குது. நீங்க வாசல்ல நிக்கையில அவ சறுக்குல ஏற மாட்டேங்கா. பாதிப் படியில நின்னு கம்பியப் பிடிச்சிக்கிடுதா. நீங்க போன பெறவு சரசரன்னு ஏறுதா. கொஞ்ச நாளைக்கு நீங்க வாசலோட போயிருங்க அக்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

ஜெசிந்தா வெளியே வந்தாள். ஸ்கூட்டியைக் கிளப்ப முடியாமல் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பயம் உண்மைதான். பெட்டிக்குள் மகளின் மார்பு ஏறி இறங்குவதை இரண்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் வந்தது, போகவே இல்லை. மாடிப்படி, கொதிக்கும் கஞ்சி, கன்டெய்னர் லாரி, ஓடிவரும் இன்னொரு பிள்ளையின் முழங்கை, எல்லாவற்றுக்கும் பயந்தாள். குரலில் மட்டும் அதைக் காட்டாமல் பழகியிருந்தாள். மகளால் தன் முகத்தைப் பார்க்க முடியாது என்பதில் அவளுக்கு யாரிடமும் சொல்லாத ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அது போய்விட்டது.

அன்று முதல் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். தோளைத் தளர்த்தினாள். மகள் அறைக்குள் வரும் சத்தம் கேட்டதும், இப்போது பயப்படக் கூடாது என்று நினைத்தாள். நினைத்த உடனே நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவருகிலேயே அமலி நின்று முதுகைச் சுவரில் தேய்த்தாள்.

கணவன் ரெக்ஸன் வந்தால் மட்டும் வீடு மாறிவிடும். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். செருப்புச் சத்தம் கேட்டதுமே அமலி "பூனை, அப்பா பூனை" என்று ஓடுவாள். அவன் தூக்கி மேலே எறிந்து பிடிப்பான். ஜெசிந்தா சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். இந்த மனுசனுக்கு மட்டும் எப்படி ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கேட்டதும் உண்டு.

"உங்களுக்குப் பயமே வராதா?"

"வந்து என்ன ஆவப்போவுது?" என்றான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடிக்குப் போகும் படியில் அமலி மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். ஜெசிந்தா இரண்டு படி கீழே இருந்தாள். கையை நீட்டாமல், பேசாமல், மூச்சை அடக்கிக்கொண்டு.

"அம்மா."

"என்னட்டி?"

"உனக்கு என்னைப் பாத்தா பயமா?"

"இல்லட்டி தங்கம். உன்னைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?"

"நீ பயப்படுத. எறும்புன்னா பயம்னு மிஸ் சொன்னாங்க. நான் வந்தாதான் எறும்பு வருது. நான் கெட்ட பிள்ளையா?"

மறுநாள் காலையில் ஜெசிந்தா மையத்துக்குப் போய், பனியனைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். இசக்கிராணி வேண்டாம் என்றாள். அதைக் கழற்றினால் பெர்லினும் மற்ற பிள்ளைகளும் அமலிக்கு மறுபடி இல்லாமல் போவார்கள். வேறு ஒரு வழி இருப்பதாகச் சொல்லி டேப்லட்டை எடுத்தாள்.

"இதுல அமைதி முகம்னு ஒண்ணு இருக்கு. உங்க முகத்தைப் பதிஞ்சி வச்சிட்டா, நீங்க எப்ப எதிர்ல வந்தாலும் அவளுக்குச் சிரிச்ச முகம்தான் போவும். நீங்க எப்படி இருந்தாலும்."

"பொய்யில்லா அது?"

இசக்கிராணி டேப்லட்டைக் கீழே வைத்தாள். "எல்லா அம்மாவும் செய்யதுதான அக்கா. அழுதுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வந்து பிள்ளைட்ட சிரிக்கோம்லா."

ஜெசிந்தா சம்மதித்தாள். டேப்லட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, இடமும் வலமும் திரும்பச் சொன்னார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் அமலி தலையைச் சாய்த்து நின்றாள். பிறகு "அம்மா பூனை" என்றாள். சந்தேகமாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு அடியாக வந்து, கையால் துழாவி, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு அப்போதும் பயமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு அது தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நன்றாகப் போனது. அமலி சறுக்கில் ஏறினாள். பெர்லினோடு கை கோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள். "நில்லு" விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போனது. மிஸ் சிரித்துக்கொண்டே "நில்லு, அசையாத" என்பாள். நிற்கிற மாதிரி நின்று, நழுவி ஓடிப் போக வேண்டும். சாயங்காலம் வீட்டில் அம்மாவையும் அதே மாதிரி சொல்லச் சொல்லி ஓடுவாள். ஜெசிந்தாவும் விளையாடினாள். சில நேரம் மகளின் முதுகில் கையை வைத்துப் பார்ப்பாள். துணிக்கு அடியில் அந்த மெல்லிய உரசல் ஓடிக்கொண்டிருக்கும். தன்னுடையது என்று பிள்ளை நம்பும் சிரிப்பு அது. கையை எடுத்துவிடுவாள்.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் அமலியை விட வந்தபோது, மையத்துக்கு வெளியே சாக்கடை வாறுகாலின் மேல் பலகையைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரப் பள்ளம். மத்தியானத்துக்கு மேல் விடாமல் கொட்டியது. நாலு மணிக்கு ஜெசிந்தா வந்தபோது தெருவும் வாறுகாலும் ஒரே மட்டமாகத் தண்ணீர். வேலை செய்தவர்களைக் காணவில்லை. பலகை அதே இடத்தில் சாய்ந்திருந்தது. பள்ளத்துக்கு மேல் பழுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது.

ஸ்கூட்டியை எதிர்ப் பக்கம் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் தெருமுனையில் சிக்கிய வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அமலியும் பெர்லினும் கை கோத்தபடி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். கணுக்கால் தண்ணீரில் காலை அடித்து அடித்து வந்தார்கள். பள்ளத்துக்கு நாலு அடி இருந்தது.

"அமலி, நில்லு. அசையாத."

அடிவயிற்றிலிருந்து வந்த குரல் அது. வேன் தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

அமலி அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். முகம் மலர்ந்தது. கலகலவென்று சிரித்து, பெர்லினின் கையை இழுத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் தண்ணீருக்குள் ஓடினாள். சேலை காலைச் சுற்றியது. "நில்லுட்டி, ஏசப்பா, நில்லு" என்று கத்தக் கத்த, பிள்ளையின் சிரிப்பு அதிகமானது.

பெர்லின் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு வாறுகால் தெரியாது, பள்ளம் தெரியாது. ஓடிவரும் அந்த முகம் மட்டும் தெரிந்தது. அவன் உதடு கோணியது, கண் விரிந்தது. சத்தமே இல்லாமல் அப்படியே நின்று, அமலியின் பக்கம் திரும்பினான்.

அமலியின் சிரிப்பு நின்றது. இடது தோளை உயர்த்தி நெளிந்தாள். தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "பெர்லின், ஏன்ல?" என்று கேட்டாள். காலைப் பின்னால் வைத்தாள்.

ஜெசிந்தா இருவரையும் சேர்த்து வாரி இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் விழுந்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. பெர்லின் அழத் தொடங்கினான். அமலி கையை நீட்டி அவன் கன்னத்தைத் தேடினாள்.

"பெர்லினுக்கு எறும்பு வந்துச்சு" என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா சிரிச்சிக்கிட்டே இருந்த?"

பெர்லினின் அம்மா வந்து அவனைக் கூட்டிப்போகும் வரை ஜெசிந்தா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பிறகு ஈரச் சேலையோடு இசக்கிராணியிடம் போனாள்.

"அதை எடுத்துருங்க மிஸ்."

இசக்கிராணி டேப்லட்டைத் திறந்தாள். பட்டியல் வந்தது. ஒன்பது பிள்ளைகளின் பேர். ஒவ்வொரு பேருக்குக் கீழும் அமைதி முகம் பதிந்தவர்களின் பேர். ஜெசிந்தா பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண்ணில் பட்டது. அம்மா, அம்மா, அப்பா, பெரியம்மா, அம்மா. ஒன்பதில் ஒரு பிள்ளைக்குக்கூடக் கீழே காலியாக இல்லை.

"எல்லாருமா?"

"ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க அக்கா. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு எல்லாரும் சொன்னாங்க."

அமலியின் பேருக்குக் கீழே இரண்டு பேர் இருந்தது. ஜெசிந்தா. அதற்கு மேலே ரெக்ஸன். தேதி, பனியன் போட்ட மூன்றாம் நாள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுவிட்டு ஜெசிந்தா கிளம்பினாள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. அமலி தலை துவட்டிக்கொண்டு உள்ளறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மெதுவாக, "மூணாம் நாளே போய்ப் பதிஞ்சிருக்கீங்க" என்றாள்.

ரெக்ஸன் சட்டையைக் கழற்றியவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் அவளை மேல எறிஞ்சி பிடிப்பேன்லா. அன்னைக்கு எறிஞ்சேன், அந்தரத்துல இருக்கும்போதே எறும்புன்னு கத்திட்டா. பிடிக்க முடியாமப் போயிருமோன்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். நாப்பது டன் கன்டெய்னரைத் தூக்குதவன். அவளத் தூக்கையில கை உதறுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. நான் ஒருத்தி மட்டும்தான் இப்படின்னு நினைச்சிக்கிட்டே இருந்தேன்."

"நீயே தாங்க மாட்டாம இருந்த. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவன், "என்னோடதையும் எடுத்துரச் சொல்லு" என்றான். "எம் பயம் தெரிஞ்சா ஓடிருவாளேன்னுதான் பதிஞ்சேன்."

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. வாறுகாலுக்குப் பலகை போட்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து அமலியைக் கூட்டி வந்தார்கள். இசக்கிராணி டேப்லட்டில் இரண்டு பேரையும் அழித்துவிட்டு, பனியனை அமலிக்கு மாட்டினாள்.

அமலி ஆடாமல் நின்றாள். முதலில் தோள் ஏறியது. பின்னால் நகர்ந்தாள். அம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள், அப்பா இருந்த பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எறும்பு.

"யாரு இது?" என்றாள்.

ரெக்ஸன் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனான். ஜெசிந்தா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மகளின் முன்னால் முழங்கால் போட்டாள். தொடவில்லை.

"அம்மாதாண்டி. அப்பாவும் நிக்காரு. எங்க ரெண்டு பேருக்கும் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"நீ விழுந்துருவியோன்னு. நேத்து தண்ணிக்குள்ள போயிருப்ப. அதுக்கு. உன்னப் பாத்து இல்ல. நீ கெட்ட பிள்ளை இல்ல. நீ எங்களுக்கு வேணும்லா, அதான் பயம்."

அமலி முதுகை நெளித்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டி அம்மாவின் முகத்தைத் தொட்டாள். புருவம், கன்னம், உதடு என்று மெதுவாகத் தடவினாள். கண்ணீரில் விரல் பட்டதும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பாவுக்குமா?"

"ஆமாட்டி" என்றான் ரெக்ஸன்.

உள்ளே பெர்லின் அவள் பேரை "அம்மி" என்று தன் பாஷையில் கூப்பிட்டான். அமலி அந்தப் பக்கம் திரும்பினாள். போகும் வழியில் இசக்கிராணி நின்றிருந்தாள். பனியன் வந்த வாரத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. தன் முகத்தைப் பார்த்து ஒன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அலறியதை அவள் மறக்கவில்லை. மறுநாளே ஒன்பது பனியன்களிலும், பட்டியலில் பேர் வராதபடி, தன் முகத்தைப் பதிந்துவிட்டாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று ராத்திரி முழுவதும் அவள் தூங்கவில்லை. திறந்து கிடந்த கேட்டை யார் சாத்தியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

அமலி அவள் முன்னால் நின்று அண்ணாந்தாள். அவளுடைய தோள் தளர்ந்து இறங்கியது. முகம் தெளிந்தது.

"மிஸ், உங்களுக்குப் பயமே வராதா?"

இசக்கிராணி ஜெசிந்தாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. இந்த முகத்துக்கும் பிள்ளைக்குப் பூனைதான் போகிறது என்று ஜெசிந்தா புரிந்துகொண்டாள்.

"வரும் கண்ணு" என்றாள் இசக்கிராணி. "எனக்கு ரொம்பப் பயம். இப்பக்கூட."

அமலி சிரித்தாள்.

"பொய் சொல்லுதீங்க மிஸ்" என்றுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு பெர்லினைத் தேடி உள்ளே போனாள்.